சக்கரம், புலி, சேவல்: ஒரு லோரியின் முகத்தில் எழுதியவை

பழைய இராணுவ வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் கடைசியாகச் செய்வது எழுத்து வேலை. அதற்குள் என்ஜின் ஓடத் தொடங்கியிருக்கும், பிரேக் பிடிக்கும், துரு சுரண்டித் தகடு ஒட்டி, பளபளப்பு இல்லாத பச்சையும் அடித்து முடித்திருப்பார்கள். அதன் பிறகுதான் ஸ்டென்சில் தாளும் வெள்ளைச் சாய டப்பாவும் வெளியே வரும். பானெட்டில் எண், மட்கார்டில் சின்னம், கதவில் நட்சத்திரம். அரை நாள் வேலைதான். ஆனா அந்த அரை நாள் வரைக்கும் அது வெறும் பழைய லோரி. எழுத்து விழுந்த பிறகுதான் அது ஒரு படையின் வண்டியாக, ஒரு வருஷத்தின் வண்டியாக, ஒரு தரப்பின் வண்டியாக மாறுகிறது.

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இதில் பெரிய குழப்பம் இல்லை. அங்கே ஒரு வண்டி பெரும்பாலும் ஒரே இராணுவத்தில் பிறந்து அதிலேயே ஓய்வு பெற்றது. மலாயாவில் அப்படி இல்லை. 1941இல் இங்கே ஓடிய ஒரு லோரி, 1948க்குள் மூன்று அதிகாரங்களைப் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் பழைய எழுத்தின் மேல் ஒரு கோட்டிங் அடித்து, புதுசா ஒன்றை எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் இன்றைக்கு அதை எடுத்துப் புதுப்பிக்கிறவர் எதை எழுதுவது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அந்தக் கேள்விக்குள் நம் தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

வண்டியின் முகத்தை வாசிப்பது

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ், இந்திய இராணுவ வண்டியின் முகம் ஒரு சுருக்கெழுத்துப் பக்கம். தெரிந்தவருக்கு அது நிறைய சொல்லும், தெரியாதவருக்கு ஒன்றும் சொல்லாது. நோக்கமே அதுதான்.

முதலில் எண். அதன் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'எல்' என்றால் லோரி, 'இசட்' என்றால் சிறிய டிரக், 'சி' என்றால் மோட்டார் சைக்கிள், 'எம்' என்றால் கார், 'ஏ' என்றால் ஆம்புலன்ஸ், 'டி' என்றால் டாங்கி. இப்போது நம் சாலைகளில் 'இசட்' என்று தொடங்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் அது மலேசிய இராணுவ வண்டி என்று சின்னப் பையனுக்கும் தெரியும். கடற்படைக்கு 'லாவுட்' என்பதிலிருந்து 'இசட் எல்', விமானப்படைக்கு 'உடாரா' என்பதிலிருந்து 'இசட் யு'. ஓர் எழுத்தை வைத்து வண்டியின் இனத்தைச் சொல்லும் பழக்கம் இன்னும் சாகவில்லை.

அடுத்து இரண்டு சின்னங்கள். ஒன்று எந்த டிவிஷன் என்பதைச் சொல்லும் படம். மற்றது அந்த டிவிஷனுக்குள் எந்தப் பிரிவு என்பதைச் சொல்லும் நிறச் சதுரம். மேலே சிவப்பும் கீழே நீலமும் என்றால் பீரங்கிப் படை. வெள்ளையும் நீலமும் என்றால் சிக்னல்ஸ். காலாட்படையில் மூத்த பிரிகேடுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குப் பச்சை, மூன்றாவதுக்குப் பழுப்பு. சதுரத்துக்குள் வெள்ளை எண். முன்பக்கத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பு எண் இருந்தால், அது பாலங்களுக்கான எடை வகுப்பு. பாலத்தின் முனையிலும் ஓர் எண் நட்டு வைத்திருப்பார்கள். வண்டியின் எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஓட்டுநர் கணக்குப் போட வேண்டியதில்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படமும் நிறமும் எண்ணும்தான் இருக்கின்றன, சொற்கள் கிட்டத்தட்ட இல்லை. எதிரிக்குப் படையின் பெயர் தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். இந்திய இராணுவத்தைப் பொறுத்தவரை இது இன்னொரு வகையிலும் வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பஞ்சாபியும் தெலுங்கும் கூர்க்காலியும் தமிழும் பேசும் மனிதர்கள், அதில் பலர் எழுத்தறியாதவர்கள், ஒரே சாலையில் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. சேவல் படம் எல்லா மொழியிலும் சேவல்தான்.

வெட்டிய ஓட்டையின் தர்க்கம்

ஸ்டென்சில் நமக்குப் புதிதில்லை. லிட்டில் இந்தியாவில் விற்கும் கோல அச்சை நினைத்துப் பாருங்கள். ஓட்டை போட்ட தகடு, மேலே மாவைத் தூவினால் கீழே கோலம். புகையிட்ட ரப்பர் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றிய காலத்தில், ஒவ்வொரு கட்டின் மேலும் தரமும் வணிகக் குறியும் ஸ்டென்சிலில்தான் விழுந்தன. தோட்டத்துப் பால் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பால்மரம் வெட்டியவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அந்தக் கறுப்பு எழுத்துக்குத் தெரியும். இப்போது நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் பக்கம் வந்தால், மின்னணுத் தொழிற்சாலைகளில் ஸ்டென்சில் இல்லாமல் ஒரு சர்க்யூட் பலகைகூட நகராது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள எஃகுத் தகட்டில் லேசரால் ஓட்டை வெட்டி, அதன் மேல் ஈயப் பசையை இழுக்கிறோம். (இப்போது ஈயம் இல்லாத பசைதான், பெயர் மட்டும் மாறவில்லை.)

சர்க்யூட் பலகையோ லோரிக் கதவோ, தகராறு ஒன்றுதான். தகடு கீழே முழுசா ஒட்டாவிட்டால் பசையோ சாயமோ அடியில் கசிந்து ஓரம் ஊதிவிடும். அதனால் லோரியில் எழுதும்போது சாயத்தை நீர்க்க விடக்கூடாது. தட்டையான நுனியுள்ள குட்டை மயிர்த் தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு, அதையும் ஒரு துணியில் ஒற்றிவிட்டு, நேர்குத்தாகத் தட்ட வேண்டும். இழுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஸ்டென்சில் தாள் எண்ணெய் ஊறிய தடித்த அட்டை. நனையாது, மறுபடி மறுபடி பயன்படும். பித்தளைத் தகட்டு எழுத்துகளும் உண்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

ஸ்டென்சில் எழுத்தை உடனே அடையாளம் காட்டுவது அதன் உடைசல். ஆங்கில 'ஓ'வை அப்படியே வெட்டினால் நடுவில் உள்ள தீவு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்க இரண்டு பாலங்கள் விட வேண்டும். தமிழில் வெட்டிப் பார்த்தால் 'ட', 'ப', 'ர' எல்லாம் பாலம் இல்லாமல் நிற்கும். 'க', 'வ', 'ண' நிற்காது.

ஆனால் எல்லா வண்டி எழுத்தும் ஸ்டென்சில் இல்லை. பழைய புகைப்படங்களைப் பார்த்தால், பிரிட்டிஷ் வண்டிகளில் நிறைய எண்கள் தூரிகையால் கையில் எழுதியவை என்று தெரிகிறது. ஒரு 'மூன்று' வயிறு பெருத்திருக்கும், ஒரு 'ஏழு' சாய்ந்திருக்கும். இன்றைக்குக் கணினியில் வடிவமைத்து வினைல் வெட்டும் மெஷினில் கொடுத்தால் மயிரிழை பிசகாத எழுத்து வரும். அந்தத் துல்லியமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். போர்க்காலத்தில் மழைக்கு நடுவில், ஏதோ ஒரு மரத்தடியில், அவசரத்தில் எழுதியது அப்படி இருந்திருக்க முடியாது.

சக்கரம்

1941 டிசம்பரில் வட மலாயாவைக் காக்க நின்றது 11ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷன். அதன் சின்னம் கறுப்புத் தரையில் மஞ்சள் நிற ஆரச் சக்கரம். கெடாவிலும் பெர்லிஸிலும் சேற்றுச் சாலைகளில் அப்போது ஓடிய இராணுவ லோரிகளை யாராவது இன்று புதுப்பித்தால், நியாயப்படி மட்கார்டில் வர வேண்டியது இந்தச் சக்கரம்தான்.

டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் அந்த டிவிஷன் உடைந்தது. பின்வாங்கும்போது ஏராளமான வண்டிகளையும் பெட்ரோலையும் உணவையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'சர்ச்சில் சப்ளை'. சைக்கிளில் வந்த படை, எதிரியின் லோரியில் ஏறித் தெற்கே போனது.

பினாங்கின் கதை அதே வாரத்தில் நடந்தது. டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. 16ஆம் தேதி இரவோடு ஐரோப்பியர்கள் தீவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், ஆசியர்களிடம் சொல்லாமல். வானொலி நிலையத்தைக்கூட அழிக்காமல் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. நகரத்தில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவித்தவரும் அவர்தான். டிசம்பர் 19இல் ஜப்பானியர்கள் தீவுக்குள் வந்தார்கள்.

ஒரு கொடியை இறக்குவதும் ஒரு மட்கார்டில் சின்னத்தை அழிப்பதும் ஒரே வகை வேலைதான். இரண்டிலும் யாரோ ஒருவர் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. பினாங்கில் அதைச் செய்ய மிஞ்சியிருந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர்.

புலி, அப்புறம் ஒன்றும் இல்லாதது

ஜித்ரா தோல்வியில் காட்டுக்குள் சிதறியவர்களில் ஒருவர் 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங். அலோர் ஸ்டாரில் அவர் ஜப்பானிய உளவு அதிகாரி ஃபுஜிவாராவையும் பிரீத்தம் சிங்கையும் சந்தித்ததிலிருந்துதான் இந்திய தேசிய இராணுவம் தொடங்குகிறது. அதாவது, சக்கரம் போட்ட டிவிஷனிலிருந்து வந்த ஒருவர் பாயும் புலிச் சின்னத்தின் இராணுவத்தை ஆரம்பித்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் அதில் பெருமளவில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் தமிழர்கள் நிறைய.

இந்தக் காலத்தை வண்டி வழியாக நினைவுகூர முடியுமா? கஷ்டம். இ.தே.இராணுவத்திடம் வண்டி மிகக் குறைவு. 1944இல் இம்பாலை நோக்கிப் போன வீரர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள், திரும்பியதும் நடந்துதான், மழையிலும் மலேரியாவிலும். புலி கொடியிலும் தோளிலும் இருந்தது. கொடி கிழிந்து போகும், துணி மட்கிப் போகும். பிற்காலத்தில் யாரும் ஷெட்டில் வைத்துப் புதுப்பிக்க அவர்கள் இரும்பு எதையும் விட்டுப் போகவில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், 1942–43. தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். பலரை லோரியில் ஏற்றி ரயில் நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து சரக்குப் பெட்டிகளில் வடக்கே அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்த லோரிகள் எங்கிருந்து வந்தவை? தோட்டத்து லோரிகள் இருக்கும், ஜப்பானியர் கொண்டுவந்தவை இருக்கும், 'சர்ச்சில் சப்ளை'யும் இருந்திருக்கும்.

சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 1941 அக்டோபரில் திறந்த ஃபோர்டு தொழிற்சாலை இதற்கு நல்ல உதாரணம். அங்கே முதலில் பிரிட்டிஷ் தரப்புக்கு வண்டி பூட்டினார்கள். 1942 பிப்ரவரி 15இல் பெர்சிவல் சரணடைந்தது அதே கட்டடத்தில். பிறகு அதே கூரையின் கீழ் ஜப்பானிய இராணுவத்துக்கு வண்டிகள் தயாராயின. கட்டடம் இன்று அருங்காட்சியகம். அதனால் அதன் கதை முழுசா நமக்குக் கிடைக்கிறது. ஒரு தனி லோரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புதுப்பிக்கிறவர் ஏதாவது ஒரு பூச்சைத்தான் வெளியே காட்ட முடியும்.

சேவல்

1945 செப்டம்பர் 3இல் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கினார்கள். 9ஆம் தேதி முதல் மோரிப், போர்ட்டிக்சன் கரைகளில் 25ஆவது, 23ஆவது இந்திய டிவிஷன்கள் இறங்கின. மோரிப் கடற்கரையின் சேற்றில் வண்டிகள் வரிசையாகச் சிக்கி நின்றன. சண்டை இருந்திருந்தால் அது பேரழிவாக முடிந்திருக்கும்.

25ஆவதின் சின்னம் சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஆஸ். 23ஆவதின் சின்னம் சிவப்புச் சண்டைச் சேவல். பன்றியும் பசுவும் யாரையாவது உறுத்தும், சேவல் இந்து, முஸ்லிம் யாரையும் உறுத்தாது என்பதால் அந்த டிவிஷனின் தளபதி ஸேவரி அதைத் தேர்ந்தெடுத்தார். வரிசையாக வரும் லோரிகளின் மட்கார்டில் சிவப்புச் சேவலைப் பார்த்த ஒரு தோட்டத் தமிழருக்கு முதலில் என்ன ஞாபகம் வந்திருக்கும்? முருகன் கொடியைத் தவிர வேறு எது வந்திருக்கும்!

ஆனால் இதே சேவல் டிவிஷன் 1944இல் இம்பாலில் பிரிட்டிஷ் பக்கம் நின்றது. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரோடு புலி நின்றது. 1945 கடைசியில் இதே சேவல் ஜாவாவுக்குப் போனது. சுராபாயாவில் இந்தோனேசிய விடுதலைப் போராளிகள் சுட்டது அந்தச் சின்னம் போட்ட வண்டிகளை. ஒரே சேவல்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஊரில் ஓர் அர்த்தம், இம்பாலிலிருந்து நடந்து திரும்பியவருக்கு இன்னொன்று, சுராபாயாவில் வேறொன்று.

நட்சத்திரத்தின் கதி இதைவிட மோசம். ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்த நமக்கு, வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் என்றால் நல்லவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். புதுப்பித்த ஜீப்பில் உலகம் முழுக்க முதலில் விழுவது அந்த நட்சத்திரம்தான். 1941இல் மலாயாவில் அது கிடையாது, இங்கே சண்டை போட அமெரிக்கப் படையும் வரவில்லை. 1945இல் வந்த நேச நாட்டு வண்டிகளில் வெள்ளை நட்சத்திரம் உண்டு, அதனால் அந்த வருஷத்துக்கு அது சரிதான். ஆனால் இடைப்பட்ட மூன்றரை வருஷம் இந்த ஊர் மக்கள் தினம் பார்த்த ஐந்து முனை நட்சத்திரம் ஜப்பானிய சிப்பாயின் தொப்பியில் இருந்த மஞ்சள் நட்சத்திரம். காட்டுக்குள் மூன்று சிவப்பு நட்சத்திரங்களோடு 'பிந்தாங் தீகா' என்று பெயர் வாங்கிய ஜப்பானிய எதிர்ப்புப் படையும் இருந்தது. மூன்று நிறத்தில் நட்சத்திரம் பார்த்த தலைமுறைக்கு, வெறும் 'நட்சத்திரம்' என்று ஒன்று இருந்திருக்காது. யாருடையது என்று கேட்டுத்தான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்திருப்பார்கள்.

1948இல் அவசரகாலம் வந்ததும் மறுபடி பச்சைச் சாயம், மறுபடி எண். இன்று மாணவர்கள் படிக்கும் மிண்டன் வளாகம் அப்போது இராணுவ முகாம். யூஎஸ்எம்முக்கு இடம் மாறியது அதற்கெல்லாம் பிறகுதான்.

எந்தப் பூச்சை எழுதுவது?

பூச்சுகளைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. மென்மையான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சிறிய இடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கோட்டிங்கும் ஒரு வளையமாகத் தெரியும், மரத்தின் வயது வளையம் மாதிரி. வெளியே கடைசி உரிமையாளரின் நிறம், நடுவில் முதல் உரிமையாளரின் நிறம். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஓர் எழுத்தின் ஓரம் தெரியும். பினாங்கின் உப்புக் காத்துக்கு அதிகம் மிஞ்சாது. ஆனாலும் சீட்டுக்கு அடியில், கதவின் உள்பக்கத்தில், எண்ணெய் படிந்த இடங்களில் சாயம் தப்பிப் பிழைத்திருக்கும்.

துக்கம் என்னவென்றால், புதுப்பிக்கும் வேலையின் முதல் நாளிலேயே மணல் பீய்ச்சி எல்லாவற்றையும் வெறும் இரும்பாக்கிவிடுகிறார்கள். துரு போக அது நல்ல வழிதான். ஆனால் எந்தச் சான்றை வைத்துக் கடைசி நாள் எழுத்தை முடிவு செய்ய வேண்டுமோ, அது முதல் நாளே தூசியாகிவிடுகிறது. பிறகு புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டியதுதான். புத்தகங்களில் அதிகம் இருப்பது நார்மண்டி.

இப்படிச் சொல்வதால் பொழுதுபோக்குக்கு ஜீப் புதுப்பிக்கிறவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தன் காசு, தன் வண்டி, தன் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கண்காட்சியில் வைத்து, ஊர் பிள்ளைகளைக் கூட்டி வந்து, 'இதுதான் போர்க்காலம்' என்று காட்டும்போது அந்த எழுத்துக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. வெற்றி பெற்ற வருஷத்தின் பூச்சை மட்டும் எழுதினால், அந்தப் பிள்ளைகள் பார்க்கும் போரில் தமிழன் இருக்க மாட்டான். சக்கரம் தோற்ற வருஷத்தின் சின்னம், அதனால் யாரும் எழுதுவதில்லை. புலிக்கு வண்டி இல்லை. ரயில் பாதைக்கு ஆள் ஏற்றிய லோரியைப் புதுப்பிக்க யாருக்கும் மனசு வராது. நம்மவர்கள் இருந்த பூச்செல்லாம் அடியில் போய்விட்டது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. வெளியே ஏதாவது ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள், ஆனால் எந்த வருஷம், எந்த டிவிஷன் என்று ஒரு சின்னத் தகட்டில் போடுங்கள். மணல் பீய்ச்சுவதற்கு முன்னால், கதவின் உள்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மறைத்து, தேய்த்த வளையங்களோடு அப்படியே விட்டு, மேலே பளிங்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள். கதவைத் திறக்கிற பிள்ளை கேட்கும், இது ஏன் சரியா பெயிண்ட் அடிக்கல என்று.

அப்போது சொல்வதற்கு நிறைய இருக்கிறது. மேலே உள்ள பச்சை அவசரகாலம். அதற்குக் கீழே உள்ளது சேவலோடும் வெள்ளை நட்சத்திரத்தோடும் வந்தவர்கள். அதற்கும் கீழே உள்ள பழுப்பில் உன் கொள்ளுத்தாத்தா மாதிரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ளதில் ஒரு மஞ்சள் சக்கரம் இருந்தது.